ஆறாம் தர இடாப்பில் இரண்டு பெயர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி, பழைய மாணவியர் சங்கம் தலவாக்கலையில் நடத்திய மகளிர் சுகாதாரக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மலையகப் பெண்களின் சுகாதாரம்’. இது மிகப் பெரிய தலைப்பு. இரத்தச்சோகை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தம் இருக்கிறது, மலையில் குளவிக் கொட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் வீட்டுக்குப் போகும்போது எதுவும் மனதில் நிற்காது. ஆகவே இன்று ஒரே ஒரு நோயைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இதைத் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்கூட்டியே தடுத்து நிறுத்தக் கூடியது இதுதான். இரண்டு, அதைத் தடுக்கும் வேலையில் டாக்டர்மாரால் மட்டும் செய்ய முடியாத ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியை நம்முடைய சங்கத்தால் செய்ய முடியும்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருப்பையின் வாய்ப் பகுதியைத்தான் கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கே வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லாச் சந்தர்ப்பங்களிலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன.

இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் மூலம் பரவுகிறது. இதைச் சொன்னவுடனே சில முகங்கள் குனிவது எனக்குத் தெரிகிறது. தயவுசெய்து நிமிர்ந்து கேளுங்கள். திருமணமான ஆண், பெண் இருபாலாரிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போகும். தடிமன் வந்து போவது போல, அநேகருக்கு ஒன்றிரண்டு வருடங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். யாருடைய நடத்தைக்கும் இது அத்தாட்சி ஆகாது. ஒருவனே கணவன் என்று வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். சிலருடைய உடம்பில் மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கினாலும் உடனே புற்றுநோய் ஆவதில்லை. முதலில் அந்த இடத்துக் கலங்களில் சிறு மாற்றம் உண்டாகும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும்.

தேயிலைக்கு வரும் கொப்புள நோயை நம் எல்லோருக்கும் தெரியும். இலை கொப்புளித்து வெளுப்பதற்கு முன்னால், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரிகிற ஒரு சிறிய புள்ளி விழும். கண் பழகியவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்த உடனேயே மருந்து அடிக்கச் சொல்வார்கள். கருப்பைக் கழுத்திலும் அப்படி ஒரு புள்ளிக் காலம் உண்டு, அதுவும் வருடக் கணக்கில். ஆனால் அந்தக் காலத்தில் நோவு இருக்காது, இரத்தம் போகாது, உடம்பு இளைக்காது. தேடிப் பார்த்தால்தான் தெரியும். உறவுக்குப் பின் இரத்தம் படுவது, மாதவிடாய் நின்ற பின் மறுபடி இரத்தம் போவது, நாற்றத்தோடு வெள்ளைபடுவது ஆகிய அறிகுறிகள் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். அவை உள்ளவர்கள் எந்தப் பரிசோதனைத் திட்டத்துக்காகவும் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்த நோயைத் தடுக்க நம் நாட்டில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

ஒன்று தடுப்பூசி. 2017ஆம் ஆண்டிலிருந்து தரம் 6இல் படிக்கும் மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி தேசிய திட்டத்தின் கீழ் பாடசாலையிலேயே ஏற்றப்படுகிறது. தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்பது முறை. உங்கள் பிள்ளைக்கு எத்தனை, எப்போது என்பதைப் பாடசாலைக்கு வரும் சுகாதாரக் குழு சொல்லும். பெற்றோர் பயந்து பிள்ளையை அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிடக் கூடாது.

மற்றது பரிசோதனை. 1994இல் கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாட்டுக்குப் பிறகு, 1996இல் குடும்ப சுகாதாரப் பணியகம் ‘வெல் வுமன் கிளினிக்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ‘சுவநாரி கிளினிக்’ என்ற பெயரையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இதை நடத்துகின்றன. நமக்கு லிந்துலை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு. 35 வயதில் ஒரு தடவை, 45 வயதில் ஒரு தடவை வரச் சொல்கிறார்கள். அங்கே பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள், பிறகு பாப் பரிசோதனை செய்வார்கள்.

‘பாப்’ என்பது ஒருவருடைய பெயரின் முதல் பகுதி. ஜோர்ஜ் பாப்பனிகொலாவ் என்ற கிரேக்க நாட்டு வைத்தியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தார். 1928இல் முதலில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1940களில்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. அவருடைய ஆய்வுக்கு வருடக் கணக்காகத் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்தவர் அவருடைய மனைவி ஆன்ட்ரோமாக்கி. கூச்சப்படும் பெண்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்த அம்மா கூச்சப்பட்டிருந்தால் இந்தப் பரிசோதனையே நமக்குக் கிடைத்திருக்காது.

உள்ளே என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் பாதிப் பயம். மறைப்பு போட்ட அறையில் கட்டிலில் படுக்கச் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே துணியால் மூடியிருப்பார்கள். ஒரு சிறிய கருவியை வைத்துக் கருப்பைக் கழுத்தைப் பார்த்து, மரக் குச்சியாலோ தூரிகையாலோ மெதுவாகத் தடவிக் கலங்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஊசி இல்லை, வெட்டு இல்லை. ஐந்து நிமிடம். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் உறவையும், உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துவிட்டுப் போங்கள். வைரஸையே நேரடியாகத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையும் இப்போது வந்திருக்கிறது. எந்தப் பரிசோதனை என்பதைக் கிளினிக்கில் சொல்வார்கள். நாம் செய்யவேண்டியது போவது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மருந்தும் இருக்கிறது, கிளினிக்கும் இருக்கிறது, காசும் கேட்கவில்லை. ஏன் நம் பெண்கள் போவதில்லை?

‘அறியாமை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் வேலை செய்த காலத்தில் லயம் லயமாகப் போய்க் கேட்டதில் அப்படித் தெரியவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். அந்தக் காரணம் பெரும்பாலும் நியாயமானது.

முதலாவது, பேர். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் சம்பளத்துக்கு வேலையைப் பதிவதைத்தான் பேர் போடுவது என்கிறோம். கிளினிக் வார நாளில், காலையில். கொழுந்து எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். காலையில் மலைக்குப் போகாவிட்டால் பேர் போய்விடும், அல்லது அரைப் பேர்தான். டயகமவிலிருந்தோ அக்கரப்பத்தனையிலிருந்தோ வருகிறவளுக்குப் பஸ் காசும் இருக்கிறது. ‘எனக்கு ஒண்ணும் நோவு இல்லையே மிஸ், ஒரு பேரை விட்டுட்டு நான் ஏன் வரணும்?’ என்று ஒரு அக்கா கேட்டார். கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். அதற்கு ‘ஆரோக்கியமே செல்வம்’ என்று பழமொழி சொல்லிப் பயனில்லை. அந்தப் பேருக்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

இரண்டாவது, வயது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது நம் பெண்கள் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார்கள். பிள்ளைக்கு ஊசி போடும் வரைக்கும் மருத்துவ மாதுவோடு தொடர்பு இருக்கிறது. பிறகு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறார்கள். அதோடு ‘இனி எனக்கும் கிளினிக்குக்கும் சம்பந்தம் இல்லை’ என்று நினைக்கிறார்கள். பரிசோதனைக்கு அழைக்கும் 35 வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. பழகிய பாதை புல் முளைத்துப்போன பிறகு கூப்பிடுகிறோம்.

மூன்றாவது, மொழி. தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தர்கள் நம் பகுதிக்குப் போதாது என்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. சிங்களம் பேசும் சகோதரிகள் பலர் அன்பாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் வெள்ளைபடுவதைப் பற்றியும் உறவைப் பற்றியும் அரைகுறை மொழியில் எப்படிச் சொல்வது? இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெண்கள் விரும்புகிறார்கள். அவர் அதே லயத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்றும் விரும்புகிறார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசியது அந்தப் பக்கம் கேட்கும். அதை மறந்து திட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள்.

நான்காவது, ஊரில் இல்லாமை. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். மத்திய கிழக்குக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பெயர் தோட்டத்தில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத் திருவிழாவுக்கும்தான் வருவார்கள்.

ஐந்தாவதைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அது அறிக்கை. பரிசோதனை செய்த அன்றைக்குப் பதில் கிடைக்காது. தட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்த் திரும்ப வாரங்கள் ஆகும். அறிக்கை வந்ததும் எங்கே அனுப்புவது? தோட்டங்களில் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். தொலைபேசி இலக்கமோ கணவனுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும், ஆறு மாதத்தில் மாறியும் விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இப்படித்தான் பரிசோதனைக்கு வந்தார். அறிக்கையில் கலங்களில் மாற்றம் இருப்பதாகவும், மேலும் பார்க்க வேண்டும் என்றும் வந்தது. கொடுத்திருந்த இலக்கத்துக்கு அழைத்தால் பதில் இல்லை. கடிதம் போட்டும் ஆள் வரவில்லை. லயத்துக்கு ஆள் அனுப்பியபோது அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டது தெரிந்தது. எங்கே என்று அங்கிருந்த முதியவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதங்கள் போயின. பிறகு ஒரு பாடசாலையில் ஆறாம் தரப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் நாளில், பெற்றோரின் சம்மதக் கடிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாதுவின் கண்ணில் அந்தத் தாயின் பெயர் பட்டது. மகளைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லாமல், ‘அம்மாவோட நம்பர் இருக்கா பிள்ளை?’ என்று மட்டும் கேட்டார். பிள்ளைக்கு மனப்பாடமாக இருந்தது. தாய் அடுத்த வாரமே வந்தார். கொல்போஸ்கோபி செய்து, மாற்றம் இருந்த பகுதியை மட்டும் அகற்றினார்கள். பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. பல நாள் யோசித்தேன். தரம் 6இல் படிக்கும் பிள்ளைக்கு வயது பத்து அல்லது பதினொன்று. அவளுடைய தாய்க்கு என்ன வயது இருக்கும்? பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில்தான். மகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் வருடமும், தாய்க்குப் பரிசோதனை செய்யும் வருடமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஆறாம் தர இடாப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஊசி, ஒருத்திக்குப் பரிசோதனை. தாய் கொழும்பில் இருந்தாலும் குவைத்தில் இருந்தாலும் அவளுடைய இலக்கம் பிள்ளைக்குத் தெரியும். இந்த இடாப்பு இருக்குமிடம் பாடசாலை. நம் சங்கத்தில் எத்தனையோ பேர் இந்தப் பகுதிப் பாடசாலைகளில் ஆசிரியைகளாக இருக்கிறார்கள். நான் இன்று கொண்டுவந்திருக்கும் யோசனை இதுதான்.

இப்படி ஒரு பகுதியில் ஒழுங்காக அழைத்துப் பரிசோதித்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். நம் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த பழைய மதுரை ஜில்லாவிலேயே அதற்கு விடை இருக்கிறது. இப்போது திண்டுக்கல் மாவட்டமாக உள்ள பகுதியில், 2000ஆம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நோய் வந்தவர்களையும் இறந்தவர்களையும் 2006 வரை கணக்கெடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது பாப் பரிசோதனை அல்ல. வினிகர் போன்ற மென்மையான அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய முறை. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். 49,311 பெண்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்று கணக்கெடுத்தார்கள். வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் 3,088 பேருக்கு மேலும் பார்க்க வேண்டியிருந்தது. பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது, நோய் வருவது 25 வீதம் குறைந்திருந்தது, இறப்பு 35 வீதம் குறைந்திருந்தது. 2007இல் லான்செட் சஞ்சிகையில் இது வெளியானது.

இந்த எண்களில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேலானோர் வரவேயில்லை. அப்படியிருந்தும் இறப்பு அவ்வளவு குறைந்தது. எல்லோரும் வந்தால்தான் பலன் என்று மனம் தளர வேண்டியதில்லை. அடுத்தது, வெறுமனே பார்த்ததால் உயிர் பிழைக்கவில்லை. மாற்றம் இருந்தவர்களை விடாமல் பின்தொடர்ந்து சிகிச்சை கொடுத்தார்கள். அதனால் பிழைத்தார்கள்.

பெண்கள் சங்கத்துக்கு இதெல்லாம் ஏன் என்று யாராவது நினைத்தால், இன்னொரு பெயரைச் சொல்கிறேன். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் சென்னை அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையைத் தொடங்கியது 1954இல். அதை நிறுவியது இந்திய மாதர் சங்கம். 12 கட்டில்களோடு தொடங்கிய இடம் அது. பிற்பாடு டாக்டர் சாந்தா அதை எந்த நிலைக்குக் கொண்டுவந்தார் என்பதைத் தமிழ் உலகம் அறியும். நம்மை யாரும் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. கட்டி வைத்த கிளினிக்குக்கு நம் பெண்களைக் கூட்டிப் போனால் போதும்.

வேலையை எப்படிச் செய்வது என்று இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், நாமாகத் தனி முகாம் நடத்தக் கூடாது. முகாம் நடத்துவது பார்வைக்கு நன்றாக இருக்கும், படம் எடுக்கலாம், பத்திரிகையில் வரும். ஆனால் ஒரே நாளில் இருநூறு பேரைக் கூட்டினால் தட்டுகள் ஆய்வுகூடத்தில் குவியும், அறிக்கை பிந்தும், பிந்திய அறிக்கைக்கு ஆள் கிடைக்காது. லிந்துலை சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, ஒரு கிளினிக் நாளில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று கேட்போம். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் கூட்டிப்போக வேண்டாம். மாதாமாதம், சிறிது சிறிதாக, நிறுத்தாமல் போவோம்.

இரண்டாவது, பெயர்ப் பட்டியல். மருத்துவ மாதுவிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. அதில் 35, 45 வயதாகும் பெண்கள் யார் என்று தெரியும். அதில் விடுபட்டவர்களையும் ஊரில் இல்லாதவர்களையும் கண்டுபிடிக்க ஆறாம் தரப் பிள்ளைகளின் தாய்மார் பட்டியல் உதவும். அதிபரின் அனுமதியோடு, தடுப்பூசிக் கடிதம் போகும்போதே தாய்க்கும் ஒரு அழைப்புக் கடிதம் போகட்டும். தாய் விரும்பினால் தன் பெயரையும் இலக்கத்தையும் எழுதி மூடிய உறையில் அனுப்பட்டும். அந்த உறை நேரே மருத்துவ மாதுவிடம் போக வேண்டும். வகுப்பறையில் யாரும் திறக்கக் கூடாது. பிள்ளையிடம் நோயைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது.

மூன்றாவது, பேர். ஒவ்வொரு தோட்ட முகாமையாளருக்கும் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேட்போம். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று. ஒரு தோட்டத்தில் 35, 45 வயதில் வருடத்துக்கு எத்தனை பெண்கள் இருந்துவிடப் போகிறார்கள்? தோட்டத்துக்கு அது பெரிய நட்டம் அல்ல. தொழிற்சங்கங்களின் மாதர் பிரிவினரையும் இதில் சேர்த்துக்கொள்வோம். கொழுந்து நிறைந்து வரும் வாரங்களில் அழைக்க வேண்டாம். பஸ் காசுக்குச் சங்க நிதியில் ஒரு தொகை ஒதுக்குவோம்.

நான்காவது, துணை. ஒவ்வொரு டிவிஷனுக்கும் இரண்டு பழைய மாணவிகள். ஒரு டிவிஷனில் இருப்பவர் அடுத்த டிவிஷனுக்குப் போகட்டும். காரணத்தை முன்பே சொன்னேன். கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து உட்காரும் மாலை நேரத்தில் போக வேண்டும். வாசலில் நின்று சத்தமாகச் சொல்லக் கூடாது. மாமியாரும் கணவனும் இருந்தால் அவர்களோடும் பேசுங்கள். ‘பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறாங்க’ என்பதும் உண்மைதான், அதையும் சொல்லுங்கள். ஆனால் பாப் பரிசோதனையை மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். கட்டிலில் ஏறும்போது அவளுக்குத் தெரிந்தால், அவளும் வரமாட்டாள், அவளுடைய பத்துத் தோழிகளும் வரமாட்டார்கள். கிளினிக் நாளில் தமிழில் பேச ஒருவர் அங்கே இருக்க வேண்டும். மருத்துவ மாது சரி என்றால் உள்ளே, இல்லாவிட்டால் வாசலில்.

ஐந்தாவது, அறிக்கை. பரிசோதனை அன்றே ஒவ்வொருவரிடமும் இரண்டு இலக்கங்கள் வாங்க வேண்டும். ஒன்று தன்னுடையது, மற்றது அவள் நம்பும் இன்னொரு பெண்ணுடையது. அறிக்கைக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாக இருந்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற செய்தி அவளுக்குப் போக வேண்டும். செய்தி வராவிட்டால் பயந்து கிடப்பாள், அல்லது ‘சும்மா எடுத்தாங்க’ என்று அடுத்தவளிடம் சொல்வாள்.

ஆறாவது, மாற்றம் கண்டவர்கள். பாப் பரிசோதனையில் மாற்றம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. கிட்டப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அதற்குப் பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ தனியாகப் போகத் தயங்குகிற பெண்ணோடு நம்மில் ஒருவர் போக வேண்டும். எங்கே துண்டு எடுப்பது, எந்த வரிசையில் நிற்பது என்று காட்ட ஒருவர் இருந்தால் பாதிப் பாரம் குறையும். அபூர்வமாக ஒருவருக்குப் புற்றுநோய் என்றே தெரியவந்து மஹரகமவுக்குப் போக நேர்ந்தால், பிள்ளைகளை யார் பார்ப்பது, துணைக்கு நிற்பவர் எங்கே தங்குவது என்ற கேள்விகள் வரும். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதி அதற்கென்று இருக்கட்டும் என்று தலைவியை வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியாக, கணக்கு. ஒவ்வொரு வருடப் பொதுக் கூட்டத்திலும் செயலாளர் ஐந்து எண்களை மட்டும் வாசிக்க வேண்டும். அழைத்தது எத்தனை பேர்? வந்தது எத்தனை? அறிக்கை கையில் கிடைத்தது எத்தனை? மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்கள் எத்தனை? அவர்களில் போய்ப் பார்த்து முடித்தவர்கள் எத்தனை? பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். முதல் இரண்டு எண்களுக்கும் இடையில் இடைவெளி இருக்கத்தான் செய்யும். கடைசி இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை ஒன்றாக இல்லாத வருடத்தில் நாம் கைதட்டக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 17ஆம் திகதி ஒரு திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் 15 வயதுக்கு உட்பட்ட மாணவியரில் 90 வீதமானோருக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 வீதமான பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதமானோருக்குச் சிகிச்சை. இதை எல்லா நாடுகளும் எட்டினால் இந்தப் புற்றுநோய் காலப்போக்கில் அபூர்வமான நோயாகிவிடும் என்கிறார்கள். ஆனால் நாட்டுக் கணக்கில் எழுபது வீதம் என்பது எல்லா ஊரிலும் எழுபது வீதம் ஆகிவிடாது. பட்டணத்தில் தொண்ணூறு பேர் போய், மேல் கணக்கில் முப்பது பேர் போனாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். அந்த முப்பதை ஏற்றுவது அந்த மலையை அறிந்தவர்களால்தான் முடியும்.

இன்னும் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். இதுவரை நான் கொழுந்தெடுக்கும் சகோதரிகளைப் பற்றியே பேசினேன். இந்த மண்டபத்தில் ஆசிரியைகள் இருக்கிறீர்கள், வங்கியிலும் காரியாலயங்களிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள், என் போன்ற தாதியர் இருக்கிறீர்கள். உங்களில் 35 தாண்டியவர்களில் எத்தனை பேர் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறீர்கள் என்று நான் கை தூக்கச் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்கும் கூச்சம் உண்டு, நேரமில்லை என்ற காரணமும் உண்டு. ஆனால் தான் போகாத இடத்துக்கு அடுத்தவளைப் போகச் சொன்னால் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ‘நீங்க செஞ்சீங்களா டீச்சர்?’ என்று கேட்பாள். ‘செஞ்சேன், ஐந்து நிமிஷம்தான்’ என்று நீங்கள் சொல்ல முடிந்தால், நான் இங்கே பேசிய பேச்சை எல்லாம் விட அதற்குப் பலன் அதிகம்.

ஆகவே முதல் கிளினிக் நாள் நம் சங்க உறுப்பினர்களுக்காக இருக்கட்டும். மண்டப வாசலில் செயலாளர் ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் பக்கம் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு. இரண்டாம் பக்கம் டிவிஷன்களுக்குப் போகச் சம்மதிப்பவர்களுக்கு. வயது 35 முதல் 45 வரை இருப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். அதைத் தாண்டிய அக்காமார் இரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டு, தங்களுக்கு என்ன பரிசோதனை தேவை என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கைமார் உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு.